வக்கராசுரன் கேஸ்

சேதராப்பட்டில் ஷிப்ட் விடுகிற நேரத்தில் டீக்கடையில் கால் வைக்க இடம் கிடைக்காது. ஒரு கையில் வடை, மறு கையில் கிளாஸ், அக்குளில் ஹெல்மெட் என்று நின்றுகொண்டிருந்தேன். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “திருவக்கரைக்கா சார்? போய்ப் பாருங்க. அசுரனோட எலும்பு அப்படியே கெடக்கு. ஒவ்வொண்ணும் இத்தினி மொத்தம்.” ‘இத்தினி’யைக் காட்ட அவர் கையை விரித்ததில், எனக்கு வரவேண்டிய டீயில் பாதி பக்கத்தில் நின்றவர் சட்டைக்குப் போனது. சட்டைக்காரர் கோபப்படவில்லை. “இத்தினி இல்ல மாஸ்டர், இன்னும் மொத்தம்” என்று திருத்தினார்.

இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னால் அது கேஸ்தான். எடுத்துக்கொண்டேன்.

முதல் தகவல் அறிக்கை இது. இறந்தவர் பெயர் வக்கராசுரன். தொழில், தவம். சிவபெருமானை நினைத்துத் தவமிருந்து வரம் வாங்கியவர். லிங்கத்தைத் தொண்டையிலேயே வைத்துப் பூஜித்தார் என்று தலபுராணம் சொல்கிறது. இப்படிப்பட்ட பக்தருக்கு என்ன ஆகும்? வழக்கம்போல வரம் தலைக்கேறியது. தேவர்களை விரட்டினார். தேவர்களும் வழக்கம்போல ஓடிப்போய் மனு கொடுத்தார்கள். மனுவைப் பெற்றவர் சிவன். ஆனால் தன் பக்தனைத் தானே எப்படி அடிப்பது என்று அவர் அதை விஷ்ணுவின் இலாகாவுக்கு மாற்றிவிட்டார். விஷ்ணு சக்கரத்தை எறிந்தார். வக்கராசுரன் விழுந்தார். தங்கை துன்முகியின் கணக்கைக் காளி முடித்தாள். அவளே வக்கிரகாளியாக அங்கே அமர்ந்துவிட்டாள். விழுந்த அசுரனின் எலும்புதான் ஊரைச் சுற்றிக் கல்லாய்க் கிடக்கிறது என்பது ஊர்ப்பேச்சு.

மற்ற நாட்டார் இந்த இடத்தில் டிராகன் என்று சொல்லியிருப்பார்கள். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. கோயில் தூணில் யாளி நிற்கும், வாசல் தோரணத்தில் மகரம் வாயைப் பிளக்கும். ஆனால் தரையில் பெரிதாக ஏதாவது கிடந்தால் நாம் விலங்கைத் தேடுவதில்லை, நேராக அசுரனிடம் போய்விடுவோம். அசுரன் என்றால் வசதி. அவனுக்குப் பெயர் உண்டு, குலம் உண்டு, தங்கை உண்டு. டிராகனுக்குத் தங்கை இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மேற்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வண்டியை விட்டேன். அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், புதுச்சேரியின் எல்லை எலி கடித்த சப்பாத்தி மாதிரி இருக்கும். ஒரு வளைவில் புதுச்சேரி, அடுத்த வளைவில் விழுப்புரம் மாவட்டம். எங்கே எந்த அரசாங்கம் என்பதைப் பார்க்காமலே சொல்லலாம். மதுக்கடைகளின் நெருக்கத்தை வைத்து. பேச்சு கேட்பது சேதராப்பட்டில், பிணம் கிடப்பது தமிழ்நாட்டில். நம்முடைய கேஸுக்கு ஆரம்பத்திலேயே எல்லைத் தகராறு.

இனி பிரேதப் பரிசோதனை.

திருவக்கரையில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1940-ல் வேலி போட்டுக் காத்துவரும் பூங்கா இருக்கிறது. ஒன்பது துண்டுகளாக 247 ஏக்கர். நாம் நுழைந்து பார்க்கக்கூடியது அதில் கொஞ்சம்தான். உள்ளே போனால் செம்மண்ணில் பெரிய பெரிய உருளைகள் படுத்திருக்கின்றன. மூன்று மீட்டரிலிருந்து பதினைந்து மீட்டர் வரை நீளம். சிலது ஐந்தடி குறுக்களவு. மாஸ்டரின் கை விரிப்பில் மிகை ஒன்றும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

குத்துக்காலிட்டு ஒன்றைப் பார்த்தேன். பட்டை மேடும் பள்ளமுமாக நீளவாக்கில் ஓடுகிறது. ஓரிடத்தில் கிளை முளைத்த கணு, கண் மாதிரி முறைக்கிறது. உடைந்த முனையில் வளையங்கள் தெரிகின்றன. விறகுக்கடையில் பார்த்தால் பேரம் பேசத் தோன்றும். விரல் முட்டியால் தட்டினால் முட்டிதான் வலிக்கிறது. காலை வெயிலில் ஒரு பக்கம் சுட்டது. நிழல் பக்கம் கிணற்றடிக் கல்லைப் போலச் சில்லென்று இருந்தது. மரம் அப்படி இரண்டு பக்கமும் நடந்துகொள்ளாது.

கோயிலுக்கு வந்துவிட்டு இங்கேயும் எட்டிப்பார்க்க வந்த ஒரு குடும்பம் பக்கத்தில் நின்றது. பையன் கேட்டான்: “எலும்புன்னா வெள்ளையா இருக்கணுமே ஆயா, இது பழுப்பா இருக்கே?”

ஆயா அசரவில்லை. “அவன் என்ன பால் குடிச்சா வளந்தான்? அசுரன்டா.”

இந்தப் பதிலை மறுக்க அறிவியலால் முடியாது. ஆனாலும் பரிசோதனை அறிக்கையை எழுதியாக வேண்டும். இறந்தவர் அசுரர் அல்ல, மரம். ஒருவரும் அல்ல, இருநூறு பேர் வரை. இறந்து ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகள் ஆகின்றன. புன்னையின் உறவு, ஆமணக்கின் உறவு, குங்கிலிய மரத்தின் உறவு, புளியும் வாகையும் சேர்ந்த குடும்பத்தின் உறவு என்று கலப்பான கூட்டம். எதற்கும் வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை. ஆகவே சம்பவம் நடந்தது இங்கே அல்ல. எங்கோ மேட்டில் நின்ற மரங்களைப் பழங்கால வெள்ளம் பெயர்த்து, வழியெல்லாம் கிளையை முறித்து, மொட்டை அடித்து, இங்கே மணலில் கொண்டுவந்து போட்டுப் புதைத்திருக்கிறது. கொலை ஒரு இடம், பிணம் ஒரு இடம். சினிமாவில் கார் டிக்கியில் செய்கிற வேலையை ஆறு அப்போதே செய்திருக்கிறது.

புதைந்தபின் நடந்ததுதான் விசேஷம். காற்றுப் புகாத மணலுக்குள் மரம் சட்டென்று மக்கவில்லை. மணலில் ஊறி வந்த நிலத்தடி நீர், கரைந்த சிலிக்காவைக் கொண்டுவந்தது. ஒரு நுண்ணறை காலியானால் அந்த இடத்தில் ஒரு துளி கல். அடுத்த அறை, அடுத்த துளி. பழைய வீட்டில் குடியிருந்துகொண்டே சுவரைச் செங்கல் செங்கலாக மாற்றிக் கட்டுகிற சம்சாரி மாதிரி, அவசரமே இல்லாமல், லட்சக்கணக்கான வருடம். கடைசியில் மரம் போய்விட்டது, மரத்தின் வடிவம் மட்டும் கல்லில் நின்றது. கணு, பட்டை, வளையம் ஒன்றையும் விடவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் கூட ஓரத்தை வெட்டிவிடுவார்.

இந்தக் கேஸின் முதல் விசாரணை அதிகாரி ஒரு வெள்ளைக்காரர். பெயர் பியேர் சொன்னெரா. 1781-ல் இந்தக் கல்மரங்களை முதன்முதலில் எழுத்தில் ஏற்றியவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பிரெஞ்சு இயற்கையியலாளர். பாவம், அப்போது புதுச்சேரியே பிரெஞ்சுக்காரர் கையில் இல்லை. 1778-ல் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் ஹைதர் அலி ஆற்காட்டுச் சீமையைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மனிதர் குனிந்து கல்லைப் பார்த்தார் என்றால் அவர் விஞ்ஞானியாகத்தான் இருக்க வேண்டும்.

நான் அங்கே இல்லை. இருந்தாலும் உரையாடல் இப்படித்தான் போயிருக்கும் என்பது என் யூகம்:

“இது என்ன?”

துபாஷி ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறார்: “அசுரன் எலும்பாம், துரை.”

“எலும்பில் ஏன் கணு இருக்கிறது?”

துபாஷி மறுபடி கேட்கிறார். ஊர்க்காரர் நெடுநேரம் பேசுகிறார். துபாஷி சுருக்கமாக மொழிபெயர்க்கிறார்: “அது அவங்க குடும்ப விஷயமாம், துரை.”

சொன்னெரா மரம் என்று எழுதினார். சரியாகத்தான் எழுதினார். ஆனால் இவரது மற்றக் கேஸ் கட்டுகளைப் புரட்டினால் வயிற்றைக் கலக்குகிறது. 1776-ல் நியூகினி பயணம் என்று ஒரு புத்தகம் போட்டார். அதில் நியூகினியில் பென்குவின் இருப்பதாகப் படத்தோடு எழுதினார். நியூகினி பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் கீழே கொதிக்கிற தீவு. அங்கே பென்குவின் இருந்தால் மயிலத்தில் பனிக்கரடி இருக்கலாம். அதைவிட முக்கியம், துரை நியூகினிக்கே போகவில்லை. அதே புத்தகத்தில் ஆஸ்திரேலியாவின் குக்கபரா பறவையையும் நியூகினிக்காரனாக்கினார். அவர் பேச்சை நம்பிப் பெயர் வைத்தவர்களால் இன்றுவரை அந்தப் பறவையின் அறிவியல் பெயரில் நியூகினி இருக்கிறது. ஒரு பென்குவின் பெயரில் பப்புவா இருக்கிறது. ரேஷன் கார்டில் ஒருமுறை தப்பாக ஏறிய பெயர் மாதிரி, யாராலும் திருத்த முடியவில்லை. நம்மூர்க் காட்டுக்கோழிக்கு அறிவியல் பெயராக இருப்பது இவர் பெயர்தான் என்பது தனி வேடிக்கை.

ஆக, பார்க்காத நியூகினியில் பென்குவினைப் பார்த்தவர் ஒருவர். பார்த்த கல்லில் அசுரனைப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். யாரை நம்புவது? விசாரணை தொடர்கிறது.

கேஸ் என்றால் ஆயுதம் வேண்டும். விஷ்ணு எறிந்த சக்கரம் எங்கே? அதுவும் கிடைத்தது. திரும்பிச் சேதராப்பட்டுப் பக்கம் வாருங்கள்.

வழுதாவூர், காரசூர், சேதராப்பட்டு என்று நீளும் இந்த மண்ணுக்கு அடியில் ஒரு கடல் கிடக்கிறது. சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல். அதில் வாழ்ந்தவை அம்மோனைட்டுகள். இன்றைய கணவாய்க்குப் பங்காளிகள். ஆனால் சுருண்ட ஓட்டுக்குள் குடித்தனம். அந்த ஓடு கல்லானால் வட்டமாக, ஆரம் ஆரமாக, பார்த்த மாத்திரத்தில் சக்கரம்தான். வடக்கே கண்டகி நதியில் கிடைக்கிற சாளக்கிராமத்தில் சக்கரம் தெரிகிறதே, அதுவும் இந்த அம்மோனைட்தான். அங்கே பட்டுத்துணியில் வைத்துத் துளசி சாத்துகிறார்கள். இங்கே மாடு மேய்க்கிற பையன் கால் தட்டி எட்டி உதைத்திருப்பான்.

1840-களின் தொடக்கத்தில் கே, கன்லிஃப் என்று இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரிப் பக்கத்துக் கல்லையெல்லாம் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்பவர் மேசையில் கொட்டிப் பார்த்தார். பெரும்பாலும் புது இனம். பெயர் வைக்க வேண்டும். பிள்ளை பிறந்த வீட்டில் பெயர் தேடுவது போலத் தேடினார். 1846-ல் வெளியிட்டார்: இந்திரா, பிரம்மா, சூர்யா, கணேசா, மனு. ஆம், நம்முடைய தேவர்கள்தான். நம் ஊரை வந்து பார்க்காமலே, மண்டபம் மண்டபமாக நம் கடவுள்களை ஓட்டுக்கணவாய்களுக்குச் சூட்டிவிட்டார். இந்திரா என்ற அம்மோனைட் பின்னால் உலகின் பல மூலைகளில் கிடைத்தது. சூர்யாவும் கடல் கடந்து போய்வந்திருக்கிறார்.

அந்தப் பட்டியலில் இன்னொரு பெயரும் உண்டு: விஷ்ணு. விசாரணை அதிகாரியாக நான் எழுந்து நிற்கிறேன். கொலை ஆயுதத்தின் மேலேயே முதல் எதிரியின் பெயர் எழுதியிருக்கிற கேஸ் இந்திய நீதிமன்ற வரலாற்றில் எத்தனை இருக்கும்?

அதோடு முடியவில்லை. நம் ஊர்க் கல்லுக்கு ஆங்கிலேயன் பெயர் வைப்பதா என்று பிரான்ஸ் சும்மா இருக்குமா? 1847-ல் அல்சீத் தோர்பிஞி என்ற பிரெஞ்சு அறிஞர் புதுச்சேரிப் புதைபடிவங்களுக்குத் தனியாகப் படம் போட்டுப் பெயர் சூட்டினார். ஏழு கோடி வருடம் நிம்மதியாகக் கிடந்த நத்தைக்கும் கிளிஞ்சலுக்கும் ஒரே வருட இடைவெளியில் இரட்டைக் குடியுரிமை. பிறகு 1897-ல் ஃபிரான்ட்ஸ் கோஸ்மாட் என்ற ஆஸ்திரியர், யார் வைத்த பெயர் நிற்கும், யார் வைத்தது செல்லாது என்று பஞ்சாயத்துப் பேசிப் புதுச்சேரிப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதினார். அந்தக் கால அறிக்கைகளில் நம் சேதராப்பட்டும் வருகிறது, ‘சைதரம்பேட்’ என்று. வெள்ளைக்காரர் வாயில் நுழைந்து முழுசாக வெளியே வந்த ஊர் எது?

எல்லாம் பொருந்துகிறது. பிணம் திருவக்கரையில், ஆயுதம் வழுதாவூரில், சாட்சி சேதராப்பட்டு டீக்கடையில். ஒரே ஒரு இடறல். ஆயுதத்துக்கு வயது ஏழு கோடி, பிணத்துக்கு இரண்டு கோடி. அதாவது அசுரன் பிறப்பதற்கு ஐந்து கோடி ஆண்டு முன்பே சக்கரம் வந்து விழுந்து காத்திருக்கிறது. வாய்தா வாங்கியே வளர்ந்த நம் நாட்டில்கூட இது கொஞ்சம் நீளமான இடைவெளி.

வெளிநாட்டில் இதே மாதிரி கேஸ்கள் எப்படி முடிந்தன என்று பார்த்தேன். ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபுர்ட் என்று ஒரு நகரம். 1335 வாக்கில் ஒரு பெரிய மண்டை ஓடு கிடைத்தது. ஊரைப் பிடித்து ஆட்டிய டிராகனின் தலை இதுதான் என்று பத்திரப்படுத்தினார்கள். 1590-களில் ஊர் நடுவில் டிராகன் சிலை வைத்தபோது, அந்த மண்டையைப் பார்த்தே தலையைச் செதுக்கினார்கள். பிறகுதான் தெரிந்தது, அது பனிக்காலத்துக் கம்பளிக் காண்டாமிருகம். சிலையை எடுத்தார்களா? எடுக்கவில்லை. டிராகன்தான் இன்றும் அந்த ஊரின் சின்னம். காண்டாமிருகத்துக்கு ஒரு நன்றி அறிவிப்புக்கூடக் கிடையாது.

சீனாக்காரர் இன்னும் கெட்டி. கிடைத்த புதைபடிவத்தையெல்லாம் ‘டிராகன் எலும்பு’ என்று நாட்டு மருந்துக்கடையில் இடித்துப் பொடியாக்கி விற்றார்கள். 1935-ல் ஃபொன் கோனிக்ஸ்வால்ட் என்ற ஆய்வாளர் ஹாங்காங் மருந்துக்கடையில் ஒரு ராட்சதக் கடைவாய்ப் பல்லைப் பார்த்தார். உலகில் இதுவரை வாழ்ந்த மிகப் பெரிய குரங்கினம் அப்படித்தான் வெளியே வந்தது. சுக்கு, திப்பிலி டப்பாவுக்குப் பக்கத்தில் வாலியைக் கண்டுபிடித்த மாதிரி. நாம் அசுரனைக் கும்பிட்டோம் அல்லது திட்டினோம். கஷாயம் போட்டுக் குடிக்கவில்லை. அந்த மட்டில் வக்கராசுரன் மானஸ்தன்.

இதுவரை படித்த நீங்கள், ‘ஊர்க்காரர்கள் மரத்தை எலும்பு என்று நம்பிவிட்டார்கள், விஞ்ஞானம் வந்து திருத்தியது’ என்று தீர்ப்பு எழுதத் தயாராகியிருப்பீர்கள். பேனாவை மூடுங்கள். எதிர்த்தரப்புச் சாட்சி அரியலூரிலிருந்து வந்திருக்கிறது.

அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு. 1980-களில் நிலவியல் ஆய்வுத்துறையின் யாதகிரி, அய்யாசாமி இருவரும் அங்கே கிடைத்த ராட்சத எலும்புகளை விவரித்தார்கள். முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். பிருகத்காயோசாரஸ் என்று பெயர். பிருகத் காயம் என்றால் பெருத்த உடம்பு. முதலில் மாமிசம் தின்கிற டைனோசர் என்றார்கள். பின்னால் வந்தவர்கள், இல்லை, நீண்ட கழுத்துச் சைவம் என்றார்கள். உலகின் மிகப் பெரிய நிலவிலங்காக இருக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. உலகமே கல்லமேட்டை நோக்கித் திரும்பியது. ‘எங்கே, எலும்பைக் காட்டுங்கள்’ என்றது.

எலும்பு இல்லை. எடுத்த எலும்பு ஈரத்தில் ஊறி, பொரிந்து, தூளாகிப் போய்விட்டது. வீட்டில் வாங்கி வைத்த அப்பளம் ஐப்பசி மழையில் போகிற மாதிரி. மிஞ்சியது சில கோட்டுப்படங்கள். அதை வைத்துக்கொண்டு வெளிநாட்டு அறிஞர்கள் தாடையைத் தடவிக்கொண்டு ஒரு சந்தேகம் கேட்டார்கள். என்ன சந்தேகம்?

“இது எலும்புதானா? இல்லை, கல்லாகிப்போன மரமா?”

கேட்டீர்களா? திருவக்கரையில் ஊர்க்காரர் மரத்தைப் பார்த்து எலும்பு என்றார். கல்லமேட்டில் படித்தவர்கள் எலும்பைப் பார்த்து மரமோ என்றார்கள். முப்பது வருடத்துக்கும் மேல் அந்தச் சந்தேகம் ஓடியது. 2022-ல் பழைய களப் புகைப்படங்களைத் தூசி தட்டி வெளியிட்ட பிறகுதான், எலும்புதான் என்ற பக்கம் தராசு சாய்ந்தது. அமெரிக்காவிலும் இதே கூத்து. ஓக்லஹோமாவில் 1994-ல் கிடைத்த சாரோபொசைடன் என்ற டைனோசரின் கழுத்தெலும்பை முதலில் மரத்துண்டு என்றே நினைத்தார்கள், அத்தனை நீளம். நம் ஆயாவுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தால், “நான்தான் அப்பவே சொன்னேனே” என்பார்.

2020-ல் பெரம்பலூர் குன்னத்தில் குளம் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிளம்பின. ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸப் பற்றிக்கொண்டது. வல்லுநர்கள் வந்து பார்த்தார்கள். அம்மோனைட் சேர்ந்த படிவு உருண்டைகள், முட்டை இல்லை என்றார்கள். கொதிக்க வைத்த ஆர்வம் ஒரே நாளில் ஆம்லெட் ஆனது. இந்த முறை கதை கட்டியவர்கள் ஓலைச்சுவடிக்காரர்கள் அல்ல. கையில் ஃபோர்ஜி வைத்திருந்தவர்கள்.

இதிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்றுதான். தரையில் பெரிதாக ஒன்று கிடந்தால் மனுஷன் சும்மா தாண்டிப் போக மாட்டான். இது யார், எவ்வளவு பெரிசு, எப்படிச் செத்தான் என்று கேட்பான். இந்த மூன்று கேள்வியைத்தான் திருவக்கரைக்காரர் கேட்டார். இதே மூன்றைத்தான் ஃபோர்ப்ஸும் அய்யாசாமியும் கேட்டார்கள். கேள்வி ஒன்றே. ஒருவர் பதிலைக் கோயிலில் வைத்தார், மற்றவர் அருங்காட்சியகத்தில் வைத்தார். இரண்டாமவருக்கு ஒரு நல்ல குணம் கூடுதல்: தப்பென்று தெரிந்தால், முனகிக்கொண்டாவது மாற்றி எழுதிவிடுவார். பென்குவினை மட்டும் இன்னும் மாற்றவில்லை.

இந்த வட்டாரத்தில் அசுரர்களுக்கு மரியாதையும் கொஞ்சம் ஜாஸ்தி. அதே சாலையில் மேலே போனால் மயிலம். அங்கே சூரபத்மன் தவமிருந்து முருகனுக்கு மயிலானான் என்பது தலக்கதை. ஒரு அசுரன் வாகனம், ஒரு அசுரன் தேசிய நினைவுச் சின்னம். தேவர்களில் எவருக்கும் 247 ஏக்கர் ஒதுக்கி மத்திய அரசு வேலி போட்டதாகத் தெரியவில்லை.

திரும்பும்போது டீக்கடையில் கூட்டம் குறைந்திருந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்ததும் கேட்டார்: “என்ன சார், பாத்தீங்களா? எப்படி?”

மரம், இரண்டு கோடி வருஷம், சிலிக்கா, வெள்ளம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லமேட்டையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பாய்லரில் தண்ணீர் ஊற்றினார்.

“அப்ப இங்க மரம்னு ஆயிப்போச்சு.”

“ஆமாம்.”

“அரியலூர்ல எலும்புன்னு ஆயிப்போச்சு.”

“ஏறக்குறைய.”

மாஸ்டர் டீயை என் பக்கம் நகர்த்தினார். இந்த முறை ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

“அதான் சார் சொல்றேன். அசுரன் அரியலூர்ல விழுந்திருக்கான். நம்மாளுங்க ஊர் பேரை மட்டும் தப்பா சொல்லிட்டாங்க.”

கேஸை மாவட்டம் மாற்றிவிட்டேன்.